ஐந்தாவது ஃபேடர்

வீட்டில் பாட்டுப் பதிகிறவருக்குக் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கையால் தள்ளும் ஃபேடர் பெட்டி வேண்டுமா, கம்ப்யூட்டர் மௌஸ் ஒன்றே போதுமா? இந்தக் கேள்வியில் வரைவாளர் நான்கு மாதம் கிடந்து உழன்றார். இணையத்தில் இதற்கென்றே இரண்டு கட்சி இருக்கிறது. மௌஸே போதும், மற்றதெல்லாம் மேஜைக்கு அலங்காரம் என்பது ஒரு கட்சி. விரல் பட்டால்தான் பாட்டுக்கு உயிர் வரும் என்பது மறு கட்சி. வரைவாளர் காலையில் காபி குடிக்கும்போது முதல் கட்சியில் இருப்பார். சாயங்காலம் மௌஸ் பிடித்துப் பிடித்து வலது தோள் வலிக்க ஆரம்பித்ததும் கட்சி மாறிவிடுவார்.

அவர் மனைவி இரண்டு கட்சியிலும் இல்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குக் கிளம்பிப் போனாள். அங்கே அவளுக்கு வேலை. நாள் முழுக்க, வருகிறவர்களிடம் சத்தம் போடாதீர்கள் என்று சொல்கிற வேலை. ஒரு காலத்தில் அவள் பாடுகிறவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

வரைவாளர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். யார் வீட்டுச் சுவர் எதுவரை, எந்தத் தோட்டம் எங்கே முடிகிறது என்று இருபத்தெட்டு வருஷமாகக் கோடு இழுத்துப் பழகிய கை. பாட்டிலும் அதையேதான் செய்தார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தமும் திரையில் ஒரு கோடாகத் தெரியும். மௌஸால் கோட்டைத் தூக்கினால் சத்தம் ஏறும், இறக்கினால் இறங்கும். அவர் போட்ட கோடுகளில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டு அசையாமல் கிடந்தது. பார்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டு உப்புப் போட மறந்த மாதிரி.

வேறு பாட்டாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். இது அவர்கள் பாட்டு. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும், அவர் மனைவியும், அவளுடைய அண்ணனும் சேர்ந்து பதிந்த ஒரே பாட்டு. அவர் கீபோர்டு, அவள் குரல், மச்சான் டிரம்ஸ். கிட்டாரும் பேஸும் வாசித்த இரண்டு நண்பர்கள் பிழைப்பைத் தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள். மச்சானுக்கு அந்த நாளில் டமாரம் என்று பட்டப்பெயர். டிரம்ஸ் வாசித்ததால் மட்டுமல்ல, அவர் காதில் விழுந்த ரகசியம் சாயங்காலத்துக்குள் தெருமுனைக்குப் போய்விடும் என்பதாலும்தான்.

மச்சான் வீடு மாறும்போது பரண்மேல் அந்தப் பழைய டேப் கிடைத்திருக்கிறது. அதிலிருந்த எட்டுத் தடங்களையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஓர் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'மாப்ளே, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எட்டையும் நீயே மறுபடி ஒன்றாகக் கலந்துகொள். இந்தத் தடவை ஐந்தாவதை நான் தொடவில்லை.'

மனைவி சீட்டைப் படித்தாள். "உங்க மச்சானுக்கு இன்னும் குத்தல் போகல," என்றாள். இருபத்து மூன்று வருஷமாக அவள் வாயில் அண்ணன் என்ற சொல் வரவில்லை. 'உங்க மச்சான்'தான். கல்யாணம், சாவு என்று எங்காவது பார்த்தால் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' என்று இரண்டு வார்த்தை. அதோடு சரி.

அந்த ஐந்தாவது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

டயர் கடை ஒன்றின் மாடியில் ஒரு ரெக்கார்டிங் அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை, தரையில் கிழிந்த கம்பளம், எத்தனை ஜன்னலைத் திறந்தாலும் போகாத ரப்பர் வாடை. மைக் திறந்திருக்கும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும். பதிந்து முடித்து வெளியே வரும்போது எல்லோரும் மழையில் நனைந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். இன்றைக்கும் எங்காவது ஒரு டயர் கடையைத் தாண்டினால் வரைவாளர் நடையைக் குறைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு அது நாற்றம். அவருக்கு அது இருபத்தொன்பது வயசு.

அங்கே இருந்த மிக்ஸிங் மேஜைக்கு ஞாபக சக்தி கிடையாது. இப்போது மாதிரி ஏற்றியதையும் இறக்கியதையும் அது மனதில் வைத்துக்கொள்ளாது. வரிசையாக எட்டு ஃபேடர். மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். பாட்டு ஓட ஓடத் தள்ளியும் இழுத்தும் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். மனுஷனுக்கு இரண்டு கைதானே? அதனால் இடது பக்கம் வரைவாளர் நிற்பார், முதல் நான்கு அவர் கையில். வலது பக்கம் மச்சான், அடுத்த நான்கு அவர் கையில். அவள் பின்னால் நின்றுகொண்டு, பாட்டுத் தாளைப் பார்த்து, "மூணு, நாலு, இப்ப கிட்டார்... ரெண்டு, மூணு, இப்ப பேஸ்..." என்று எண்ணிச் சொல்வாள். நாலு நிமிஷம் நாற்பது விநாடி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவு சந்தோஷமான வேலையை வரைவாளர் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் வரைவாளர். அவரவர் சத்தத்தை அவரவர் தொடக் கூடாது. தொட்டால் எவனும் தன்னுடையதை ஏற்றிக்கொண்டேதான் போவான், கடைசியில் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் டிரம்ஸும் கிட்டாரும் வரைவாளர் கையில். குரல், கீபோர்டு, பேஸ், கோரஸ் மச்சான் கையில். ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒட்டி, வரைபடத்துக்கு எழுதும் நிமிர்ந்த எழுத்தில் வரைவாளர் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினார். ஐந்தாவதற்குக் கீழே 'அவள்' என்று எழுதினார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "ஏன் மாப்ளே, என் தங்கச்சிக்கு நாங்க பேரு வைக்கலையா?" என்று மச்சான் சிரித்த சிரிப்பில் கீழே டயர்க்காரர் அண்ணாந்து பார்த்தார்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணனுக்கும் தங்கைக்கும் சின்ன உரசல். "உன் குரலுக்கு அடியில என் டிரம்ஸ் நசுங்குது. கொஞ்சம் இறக்கிக்கிட்டா என்ன?" என்று மச்சான் கேட்டார். பேச்சோடு பேச்சாகப் போயிற்று. சாயங்காலம் அறையை எடுத்திருந்த அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஒரே ஓட்டத்தில் கலந்தார்கள், திருப்பிப் போட்டுக் கேட்க நேரமில்லாமல் டேப்போடு இறங்கி வந்தார்கள். அந்தப் பிரதியே வானொலிக்குப் போயிற்று.

பாட்டின் உயிர் கடைசிச் சரணத்தின் முதல் வரியில் இருந்தது. அவள் அங்கேதான் குரலை மேலே கொண்டுபோவாள். வீட்டில் உறவும் நட்பும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்த வரி வந்தது. குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. கீபோர்டு மட்டும் கணீரென்று கேட்டது. அறிவிப்பாளர், "கடைசியில் பாடகிக்குக் களைப்பு போலிருக்கிறது," என்று சொல்லிச் சிரித்தார். அவள் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போது வரைவாளர்தான் வாயைத் திறந்தார். "அஞ்சாவது மச்சான் கையிலதானே இருந்துச்சு?" அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. "சத்தியமா நான் இறக்கல," என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். மத்தியானம் இறக்கச் சொன்ன வாய் அது. யார் நம்புவார்கள்? அண்ணன் டிரம்ஸுக்காகத் தன் குரலை அமுக்கிவிட்டார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. அண்ணன் வீட்டுப் படியும் ஏறவில்லை.

இப்போது அந்த எட்டுத் தடமும் கையில் இருக்கிறது. பாட்டைச் சரி செய்துவிட்டால் இவர்கள் இருவரையும் சரி செய்துவிடலாம் என்று வரைவாளர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஒருநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தபோது, மனைவி கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் குரலைக் கேட்கிறாள் என்று நினைத்து மெல்ல எட்டிப் பார்த்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது டிரம்ஸ் மட்டும். அவள் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் சத்தமில்லாமல் வெளியே போய், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செருப்புச் சத்தத்தோடு திரும்பி வந்தார்.

மறுநாளே ஃபேடர் பெட்டி வாங்கினார். பழையதுதான், ஆனால் மோட்டார் வைத்தது. கையால் தள்ளியதை நினைவில் வைத்துக்கொண்டு, பாட்டைத் திருப்பிப் போட்டால் ஃபேடர்களைத் தானே அப்படி அப்படியே நகர்த்திக் காட்டும். வெள்ளைப் பட்டை ஒட்டினார், அதே எழுத்தில் அதே பெயர்களை எழுதினார். ஐந்தாவதற்கு 'அவள்'. வேலை சுலபமாயிற்றா என்றால், இல்லை. ஒவ்வொரு வாத்தியமாகத் தனித்தனியே தள்ளிப் பார்த்தார். எட்டும் எட்டுத் திசையில் நின்றன. தோள்வலி குறைந்தது, அவ்வளவுதான் லாபம். இந்தப் பாட்டுக்கு நாலு கை வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது.

"மச்சானைக் கூப்பிடலாம்னு இருக்கேன்," என்றார்.

"கூப்பிடுங்க. உங்க மச்சான், உங்க பெட்டி. காபி போட்டுத் தர்றேன். அந்த ரூமுக்குள்ள வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மச்சான் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி. "அத்தனை வருஷம் டிரம்ஸ் பக்கத்துல உக்காந்தா காது வேற என்ன பண்ணும்? ராஜினாமா பண்ணிடுச்சு," என்றார். தங்கையைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். "இருக்கேன். உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மச்சான் வரைவாளரின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். "அடப்பாவி, இன்னுமா இதைக் கட்டியிருக்கே?"

அது மச்சான் கல்யாணத்துக்குக் கொடுத்த வாட்ச். எஃகுப் பட்டை, அன்றைக்கே இரண்டு கண்ணி அதிகம். கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடும். கண்ணியை எடுத்துவிட்டால் கொடுத்ததைக் குறைத்த மாதிரி ஆகும் என்று வரைவாளர் அப்படியே கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க கொடுத்ததாச்சே மச்சான்," என்றார். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே இருமி மறைத்தார்.

அறைக்குள் போனதும் ஒருவரும் சொல்லாமலே வரைவாளர் இடது பக்கம் நின்றார், மச்சான் வலது பக்கம் நின்றார். மச்சான் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஸ்பீக்கர் சத்தத்தில் அவை விசிலடிக்குமாம்.

"அப்ப எப்படி மச்சான் கேப்பீங்க?" என்று வரைவாளர் கத்தினார்.

"டிரம்ஸ் நெஞ்சுல கேக்கும். மத்ததுக்குக் கண்ணு இருக்கு. நீ போடு."

பாட்டு ஆரம்பித்தது. முதல் இருபது விநாடி இரண்டு கிழவர்கள் பெட்டியோடு மல்லுக்கட்டினார்கள். மச்சான் பேஸை விட்டுவிட்டார், வரைவாளர் கிட்டாரைத் தாமதமாகத் தூக்கினார். அப்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மூணு, நாலு, இப்ப கிட்டார்."

அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. உள்ளே வரவில்லை, வரமாட்டேன் என்று சொன்னவள் அல்லவா? ஆனால் எண்ணினாள். "ரெண்டு, மூணு, இப்ப பேஸ்," என்றபோது அண்ணனுக்குக் கேட்காது என்பது ஞாபகம் வந்து, கரண்டியால் நிலையில் தட்டினாள். மச்சான் திரும்பிப் பார்த்தார், தலையாட்டினார், அதன்பிறகு ஒரு இடமும் பிசகவில்லை. வரைவாளரின் தோளும் மச்சானின் தோளும் உரசிக்கொண்டன. ரப்பர் வாடை இல்லாதது ஒன்றுதான் குறை. நான்கு மாதமாக அசையாத பாட்டு எழுந்து நடந்தது. கடைசிச் சரணம் வந்தது, போனது, முடிந்தது. யாரும் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. நாலு கையும் எண்ணிக்கையும்தான் இருந்தன.

"திருப்பிப் போடு மாப்ளே!" என்றார் மச்சான்.

இந்தத் தடவை யாரும் பெட்டியைத் தொடவில்லை. ஃபேடர்கள் தாமே ஏறின, தாமே இறங்கின. அவள் தன்னை மறந்து இரண்டடி உள்ளே வந்துவிட்டாள். "ஐயோ, என்னங்க இது, தானா போகுது!" என்று வாயில் கை வைத்தாள். சற்று முன்னால் அவர்களுடைய கைகள் செய்ததையெல்லாம் அது ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தது.

கடைசிச் சரணம் வந்தது. ஆறாவது ஃபேடர் சரேலென்று மேலே ஏறியது. அடுத்த கணம் ஐந்தாவது கீழே இறங்கியது. அவள் குரல் கிணற்றுக்குள் போயிற்று. கீபோர்டு மட்டும் கணீரென்று கேட்டது.

மச்சானுக்குக் காது கேட்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. 'அவள்' என்று எழுதிய ஃபேடர், தன் பக்கத்து ஃபேடர், இறங்கியதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தன் வலது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தானா?" என்றார். "நான்தான்ம்மா பண்ணியிருக்கேன். எனக்கே தெரியாம பண்ணியிருக்கேன். இத்தனை வருஷமா இல்லவே இல்லைன்னு சாதிச்சேனே. என்னை மன்னிச்சிடு."

அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆறாவது என்பது கீபோர்டு. அதை மச்சான் தூக்கவில்லை. தூக்கியவர் யாரென்று வரைவாளருக்குத் தெரியும். இன்றைக்குத் தெரியாமல் கை போயிருக்கிறது. அன்றைக்குத் தெரிந்தே போனது. டயர் கடை மாடியில், கடைசிச் சரணத்தில், மச்சான் பேஸில் கண்ணாக இருந்த அந்த ஒரு நொடியில், தன் கீபோர்டு இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று அவர் கையை நீட்டி ஆறாவதைத் தூக்கினார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினார். சின்னத் திருட்டு, யாருக்கு என்ன நஷ்டம் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கை திரும்பும்போது என்ன செய்தது என்பது அவருக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் மணிக்கட்டும் தெரியாது போலிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மச்சான் ஒத்துக்கொண்டாயிற்று, மன்னிப்பும் கேட்டாயிற்று. அவள் மன்னித்தாலும் மன்னிப்பாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிடுவார்கள், இவர் நல்ல பெயரோடு போய்ச் சேரலாம். இவ்வளவையும் வரைவாளர் நினைத்தார். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு மச்சானின் அந்தக் கையைப் பார்த்தார். அவர் இன்னும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அடுத்தவன் கையைப் பார்ப்பது மாதிரி.

"அது என் கை மச்சான்," என்றார் வரைவாளர்.

"என்ன?"

"என் கைன்னு சொன்னேன்."

"கேக்கல மாப்ளே."

"என் கை!" வரைவாளர் கத்தினார். "நான்தான் பண்ணேன்! இன்னைக்கும் நான்தான், அன்னைக்கும் நான்தான்!" பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. டமாரம் அடிக்கிற வேலை கடைசியில் அவர் தலையில் விழுந்தது.

செய்து காட்டினார். ஐந்தாவதையும் ஆறாவதையும் நடுவில் வைத்தார். வலது கையை நீட்டி, ஐந்தாவதற்கு மேலாகப் போய், ஆறாவதைத் தூக்கினார். கையைத் தன் பக்கம் இழுத்தார். தொளதொளவென்று தொங்கிய எஃகுப் பட்டை ஐந்தாவதின் தலையில் மாட்டிக்கொண்டது. கை வந்தது, கூடவே ஃபேடரும் அடிவரைக்கும் வந்தது. பட்டை விடுபட்டு நழுவியது. அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை, அவ்வளவு லேசாக நடந்துவிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை.

அவள் அந்த வாட்சைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஆறாவது உங்களோடது," என்றாள். "அவங்கவங்களோடத அவங்கவங்க தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாருங்க?"

"நான்தான்."

"இருபத்து மூணு வருஷம்." குரல் உடைந்தது. "அம்மா செத்தப்பகூட நான் அவர் பக்கத்துல நிக்கலையே."

வரைவாளர் மன்னிப்பு என்று வாயெடுத்தார். அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் ஒன்று நங்கென்று வைக்கப்பட்டது. குழாய் திறந்தது, ரொம்ப நேரம் ஓடியது, நின்றது. மச்சான் காதுக் கருவிகளை மாட்டிக்கொண்டு, "மாப்ளே, அந்த வாட்சை வாங்கும்போதே கடைக்காரன் சொன்னான், அளவு பாத்து வாங்குங்கன்னு," என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். வரைவாளரால் சிரிக்க முடியவில்லை. வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மணிக்கட்டில் வெயில் படாத வட்டம் ஒன்று வெளுப்பாக இருந்தது.

அவள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நேராகப் பெட்டிக்கு முன்னால் வந்து, இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றாள்.

மச்சான் தள்ளவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "என்னம்மா சொன்னே?" என்று கேட்டார்.

"தள்ளிக்கோங்க அண்ணே. மத்ததெல்லாம் நீங்க பாருங்க. அஞ்சை நான் பாத்துக்கறேன்."

"சட்டம் இருக்கே," என்று மச்சான் கண்ணைச் சிமிட்டினார்.

"சட்டம் போட்டவரைப் பாத்தாச்சு," என்றாள் அவள். "அவர் பின்னாடி போய் நின்னு எண்ணட்டும்."

வரைவாளர் பின்னால் போனார். பாட்டுத் தாள் எல்லாம் எப்போதோ தொலைந்துவிட்டது. வேண்டியிருக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "மூணு, நாலு, இப்ப கிட்டார்," என்று ஆரம்பித்தார். முன்னால் ஒரு வெளுத்த தலையும் பாதி வெளுத்த தலையும் பெட்டியின்மேல் குனிந்திருந்தன. கடைசிச் சரணத்துக்கு இரண்டு அடி முன்னாலேயே அவள் விரல் ஐந்தாவதின்மேல் போய் உட்கார்ந்தது. வரி வந்ததும் தள்ளினாள். தேவைக்கு மேலேயே தள்ளினாள், அது போகிற மட்டும் தள்ளினாள். குரல் எழுந்து அறை முழுக்க நின்றது. அவளுடைய உதடும் அசைந்தது.

கீபோர்டு துளிகூடக் கேட்கவில்லை. வரைவாளர் அடுத்த எண்ணைச் சொன்னார்.